1,500 ரிங்கிட்டில் பன்னிரண்டு பேருக்குத் தீபாவளி அன்பளிப்பு

கேள்வி: சுங்கை சிப்புட்டில் நானும் என் கணவரும் மசாலாத் தூள் அரைக்கும் ஆலை ஒன்றையும், அதன் முன்பக்கத்தில் ஒரு மளிகைக் கடையையும் நடத்தி வருகிறோம். தமிழ்ப் பெண்கள் ஏழு பேர், லாரி ஓட்டுநர் ஒருவர், கல்லாவில் ஒரு மலாய்ப் பெண், கணக்கெழுதும் சீனப் பெரியவர் ஒருவர், மூட்டை தூக்கவும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளவும் நேப்பாளத் தொழிலாளர்கள் இருவர் என மொத்தம் பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள். சுற்றியிருந்த தோட்டங்களிலிருந்து பல குடும்பங்கள் வெளியேறிவிட்டதால் வியாபாரம் குறைந்துவிட்டது. சம்பளச் செலவு மட்டும் கூடியிருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் அரை மாதச் சம்பளத்தை போனஸாகவும், அதோடு ஒரு பரிசுக்கூடையும் கொடுத்து வந்தோம். இந்தத் தீபாவளிக்கு எல்லாம் சேர்த்து 1,500 வெள்ளிதான் ஒதுக்க முடியும். கடைப் பொருளையே கட்டிக் கொடுத்துவிடலாம் என்கிறார் கணவர். பணமாகக் கொடுத்தால் தொகை சிறியதாகத் தெரியுமே என்று எனக்குத் தயக்கம். பதினான்கு ஆண்டுகளாக இருக்கும் ஓட்டுநருக்கும் மூன்று மாதத்திற்கு முன் சேர்ந்த பெண்ணுக்கும் ஒரே அளவாகக் கொடுக்கலாமா? தீபாவளி கொண்டாடாத மற்ற நால்வருக்கு என்ன செய்வது? சென்ற ஆண்டு நான் கூடையில் வைத்துக் கொடுத்த பிஸ்கட் டின்னே, எங்கள் வீட்டுத் திறந்த இல்ல உபசரிப்புக்கு வந்த ஓர் ஊழியரின் கையால் எனக்குத் திரும்பி வந்தது. அதிலிருந்து எதை வாங்கவும் மனம் துணியவில்லை.

— ஒரு வாசகி, சுங்கை சிப்புட், பேராக்

பதில்: மதிப்பிற்குரிய அம்மையாருக்கு வணக்கம்.

நீங்கள் அன்பளிப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் அதைவிடப் பெரிய செய்தி ஒன்று போகிற போக்கில் வந்திருக்கிறது. முதலில் அதைப் பேசிவிட வேண்டும். இதுவரை அரை மாதச் சம்பளத்தை போனஸாகக் கொடுத்து வந்திருக்கிறீர்கள். ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் உங்களைப் போன்ற இடங்களில் 2025 பிப்ரவரி 1 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆகிவிட்டது. அதில் பாதி 850. இந்த ஆண்டு உங்களால் ஒருவருக்கு ஒதுக்க முடிந்தது சராசரியாக 125. நீங்கள் எவ்வளவு அழகாகத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தாலும், உங்கள் ஊழியர்கள் அந்த 125ஐ வராமல் போன 850க்குப் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பார்கள். அவர்கள் நன்றி கெட்டவர்கள் என்பதனால் அன்று. பிள்ளைகளின் துணிமணிக்கும் ஆட்டிறைச்சிக்கும் அந்தப் பணத்தை மனக்கணக்கில் ஏற்கெனவே பிரித்து வைத்திருப்பார்கள் என்பதனால்.

ஆகவே, போனஸ் இல்லை என்பதை அன்பளிப்பு கொடுக்கும் நாளில் தெரிந்துகொள்ளும்படி விட்டுவிடாதீர்கள். தீபாவளிக்கு ஐந்து அல்லது ஆறு வாரங்களுக்கு முன்பே, கடையை அடைத்த பிறகு, எல்லோரையும் உட்கார வைத்து, நீங்களும் உங்கள் கணவரும் சேர்ந்து சொல்லுங்கள். அதற்கு முன் ஒவ்வொருவருக்கும் கொடுத்த நியமனக் கடிதத்தை எடுத்து ஒரு முறை படித்துப் பாருங்கள். வேலைச் சட்டம் 1955 முதலாளியைக் கட்டாயப்படுத்தி போனஸ் கொடுக்கச் சொல்வதில்லை. ஆனால் கடிதத்தில் போனஸ் உண்டு என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தால் அது உங்கள் கடமையாகிவிடும், வியாபாரம் குறைந்தது என்பதைக் காரணம் காட்டி நீங்களாகவே நிறுத்திவிட முடியாது. அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை என்றால், சொல்ல வேண்டியது சுருக்கமானது: “இந்த ஆண்டு வியாபாரம் இவ்வளவு குறைந்திருக்கிறது, அதனால் போனஸ் கொடுக்க முடியவில்லை. உங்கள் சம்பளமும் மிகை நேரப் பணமும் ஒரு நாள்கூடத் தள்ளிப் போகாது. சிறிய அன்பளிப்பு ஒன்று உண்டு, அதை முன்கூட்டியே தந்துவிடுவோம்.” இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ‘சம்பளந்தான் 200 வெள்ளி ஏறிவிட்டதே’ என்ற வாக்கியத்தை மட்டும் தயவு செய்து அந்த இடத்தில் சொல்லிவிடாதீர்கள். அந்த உயர்வு உங்கள் பணப்பெட்டியை எவ்வளவு அழுத்துகிறது என்பது எனக்குத் தெரியும். பத்துப் பேருக்கு என்றாலே மாதம் 2,000, அதன்மேல் சேமநிதிக்கு உங்கள் பங்கு. இருந்தாலும் அது சட்டம் கொடுத்தது, நீங்கள் கொடுத்ததாகக் கணக்கில் சேர்த்துக்கொள்ள முடியாது. பின்னால் நிலைமை சீரானால் கொடுப்போம் என்ற வாக்குறுதியையும், தேதியோடு சொல்ல முடியாத வரை, விட்டுவிடுவதே நல்லது.

மிகை நேரப் பணத்தைக் குறிப்பிட்டதற்குக் காரணம் இருக்கிறது. அரைவை ஆலைகளுக்குத் தீபாவளிக்கு முந்திய மூன்று வாரங்களே ஆண்டின் பரபரப்பான காலம். வாரத்திற்கு 45 மணி நேரத்திற்கு மேல் போகும் வேலைக்கு, சாதாரண நாட்களில் ஒன்றரை மடங்கு கூலி கொடுக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பாக்கியை அடுத்த மாதச் சம்பளத்தோடு பார்த்துக்கொள்ளலாம் என்று நிறுத்தி வைத்துவிட்டு, அதே வாரத்தில் அன்பளிப்பை நீட்டினால், அது அவர்களுடைய பணத்தில் ஒரு பகுதியை அவர்களுக்கே சுற்றிக் கொடுத்ததாகத்தான் படும். நான் முப்பது ஆண்டுகளாகச் சிறு தொழில்களுக்குச் சம்பளக் கணக்கு பார்த்து வருகிறேன். பண்டிகைக் கால மனக்கசப்பு என்று என்னிடம் வந்த வழக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் இங்கேதான் இருந்தது.

இனி அன்பளிப்புக்கு வருவோம். எதைக் கொடுப்பது என்பதை முடிவு செய்வதற்கு முன் எப்போது கொடுப்பது என்பதை முடிவு செய்யுங்கள் என்றே யாருக்கும் நான் முதலில் சொல்வேன். இதை நான் கணக்குப் புத்தகத்தில் கற்கவில்லை. என் தாயார் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். நாங்கள் இருந்த தோட்டத்தில் ஓர் ஆண்டு, தீபாவளிக்கு முதல் நாள் மாலை, தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வீட்டுக்கு ஒரு பெட்டி வீதம், தோட்டத்துக் கணக்கரான கிராணி கொண்டு வந்து கொடுத்தார். உள்ளே தோட்டத்தின் பெயர் அச்சடித்த ஆறு கண்ணாடிக் குவளைகள் இருந்தன. அழகான குவளைகள்தாம். ஆனால் எங்களுக்குத் துணி எடுப்பதற்காக அம்மாவின் காதுத்தோடு அதற்கு ஒரு வாரம் முன்பே அடகுக் கடைக்குப் போயிருந்தது. அந்தப் பெட்டிக்குக் கொடுத்த விலையைப் பதினைந்து நாளைக்கு முன்பு கையில் கொடுத்திருந்தால் தோடு காதிலேயே இருந்திருக்கும் என்று, பின்னாளில் நானே ஒரு தோட்ட அலுவலகத்தில் கிராணியாக உட்கார்ந்து கணக்கெழுதியபோது கூட்டிப் பார்த்திருக்கிறேன்.

தீபாவளி நம் நாட்டில் சம்பள நாளை ஒட்டி வருவதில்லை என்பது இந்தச் சிக்கலின் அடிப்படை. 2024இல் அக்டோபர் 31ஆம் தேதி வந்தது. மாதக் கடைசியில் சம்பளம் கொடுக்கும் இடங்களில் பணமும் பண்டிகையும் ஒன்றாக வந்து சேர்ந்தன, வாங்குவதற்கு நேரந்தான் இல்லை. 2025இல் அக்டோபர் 20. முந்திய மாதச் சம்பளம் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது, கையில் இருந்தது கரைந்திருந்தது. 2026இல் நவம்பர் 8. அக்டோபர் சம்பளம் ஒரு வாரம் முன்னதாக வந்துவிடும் என்றாலும், ஈப்போ லிட்டில் இந்தியாவில் துணி எடுப்பதும் பலகாரத்துக்குச் சாமான் சேர்ப்பதும் அதற்கு முன்பே தொடங்கிவிடும். சட்டப்படி சம்பளத்தை அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் கொடுத்தால் போதும். ஆனால் பண்டிகை மாதத்தில் அந்த ஏழு நாளை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ளும் முதலாளி எவ்வளவு பெரிய கூடை கொடுத்தாலும் ஈடாகாது. உங்கள் அன்பளிப்பு பண்டிகைக்கு மூன்று வாரம் முன்பு கைக்குப் போய்ச் சேரட்டும். அப்போது அது செலவில் ஒரு பகுதியைத் தாங்கும். முதல் நாள் போய்ச் சேர்ந்தால், செலவெல்லாம் முடிந்த பிறகு வீட்டில் வந்து உட்காரும் ஒரு பொருளாகிவிடும்.

பணம் சிறியதாகத் தெரியும் என்ற உங்கள் தயக்கத்தை நான் புரிந்துகொள்கிறேன். 90 ரிங்கிட் கூடைக்கு விலைச்சீட்டு இல்லை, 80 ரிங்கிட் உறைக்கு உண்டு. ஆனாலும் 90 ரிங்கிட் கூடையில் பிரம்புக்கும் கண்ணாடித் தாளுக்கும் நாடாவுக்கும் கட்டுகிறவரின் கூலிக்கும் போனது போக, தின்னக்கூடிய பொருளின் மதிப்பு என்ன என்பதை மளிகைக் கடை வைத்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பணம் வைத்துக் கொடுக்கும் ஊதா நிற அங்பாவ் உறை நம் தீபாவளியோடு கலந்துவிட்ட வழக்கம். சிறுவர்களுக்கு இரண்டும் ஐந்துமாக வைத்துக் கொடுத்தாலும் யாரும் அதைக் குறைவாக நினைப்பதில்லை. உறைக்குள் இருப்பது சிறிய தொகையாக இருந்து, அது முன்கூட்டியும், பெயர் எழுதியும், உங்கள் இருவர் கையாலும் வந்தால், அதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை.

உங்கள் கணவரின் யோசனையை நான் தள்ளிவிடவில்லை. கடைப் பொருளை அடக்க விலையில் எடுக்க முடிவது உங்களைப் போன்றவர்களுக்குக் கிடைக்கும் நல்ல வாய்ப்பு. வெளியே 35, 40 ரிங்கிட்டுக்குப் போகும் பொருள் உங்களுக்கு 25க்கு அடங்கிவிடும். ஆபத்தும் அங்கேயே இருக்கிறது. எந்தச் சரக்கு அலமாரியில் தேங்கிக் கிடக்கிறது, எதற்கு இன்னும் ஒரு மாதத்தில் தேதி முடியப் போகிறது என்பது முதலாளியைவிட ஊழியருக்கு நன்றாகத் தெரியும்; அடுக்கியவரே அவர்தானே. எனவே வாடிக்கையாளர் முதலில் கேட்டு வாங்கும் சரக்கிலிருந்து எடுங்கள். எண்ணெய்க் குளியலுக்கு ஒரு சிறு போத்தல் நல்லெண்ணெய், நீங்களே அரைத்த முறுக்கு மாவு, இறைச்சி மசாலாத் தூள், துவரம் பருப்பு. இவை எப்படியும் அந்த வீட்டில் வாங்கத்தான் போகிறார்கள். கடையின் பெயர் அச்சடிக்காத ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுங்கள். பையில் பெயர் இருந்தால் அது விளம்பரமாகிவிடும், எங்கள் வீட்டுக் கண்ணாடிக் குவளைகளைப் போல. மேலும், அன்பளிப்பை உங்கள் கடையிலேயே செலவழிக்கும் சீட்டாக மட்டும் கொடுத்துவிடாதீர்கள். சம்பளப் பணத்தை இன்ன கடையில்தான் செலவிட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் நிபந்தனை போடுவதை வேலைச் சட்டம் தடுக்கிறது. அன்பளிப்புக்கு அந்தத் தடை பொருந்தாது என்று வாதாடலாம்தான். ஆனால் தோட்டத்துக் கடைக் கணக்கில் சம்பளம் முழுவதும் கழிந்து போனதைப் பார்த்த தலைமுறையின் பிள்ளைகள் உங்களிடம் வேலை செய்கிறார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

பிஸ்கட், இனிப்பு வகைகளைக் கூடையில் நிறைப்பதை நான் இப்போதெல்லாம் பரிந்துரைப்பதில்லை. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி நம் நாட்டுப் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு. இந்தியரிடையே அந்த விகிதம் இன்னும் கூடுதல். தீபாவளிக்கு இனிப்பு எப்படியும் நான்கு பக்கமிருந்தும் வரும், உங்கள் பங்கு தேவையில்லை. மதுபானம் எந்தக் காரணத்தை முன்னிட்டும் வேண்டாம். ‘ஓட்டுநருக்கு மட்டும் ஒரு பெட்டி’ என்ற பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது, அந்த ஓட்டுநரின் மனைவியிடம் கேட்டால் அது யாருக்கான அன்பளிப்பு என்று சொல்வார். துணி எடுத்துக் கொடுப்பதும் இந்தத் தொகையில் சரிவராது. சேலையின் விலையை விரல் நுனியில் கண்டுபிடித்துவிடுவார்கள். பேரங்காடியில் பொருள் வாங்கிக்கொள்ளும் பற்றுச்சீட்டு, ஈப்போவுக்குப் போக வண்டி உள்ளவர்களுக்குப் பயன்படும், இல்லாதவர்களுக்குப் பயணச் செலவு. அதிர்ஷ்டக் குலுக்கலில் ஒருவர் அடுப்பு வாங்கிப் போவதைப் பதினோரு பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இனி 1,500 ரிங்கிட்டை நான் எப்படிப் பிரிப்பேன் என்பதைச் சொல்கிறேன். உறையில் ஆளுக்கு 80 ரிங்கிட் வீதம் பன்னிரண்டு பேருக்கு 960. துணிப்பையில் அடக்க விலைப்படி 25 ரிங்கிட் பெறுமானப் பொருள், அது 300. மீதி 240. இதை வைத்து ஒரு மதிய விருந்து வைக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றும். ஆனால் அந்த விருந்தில் இலை போடுவதும் எடுப்பதும் அதே ஏழு பெண்களாகத்தான் இருப்பார்கள். அதைவிட, நீண்ட காலம் உழைத்தவர்களுக்கு அந்தப் பணத்தைக் கொடுப்பது பொருத்தம். அடிப்படை அன்பளிப்பு மூன்று மாதப் பெண்ணுக்கும் பதினான்கு ஆண்டு ஓட்டுநருக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். பண்டிகைச் செலவு சேவைக் காலத்தைப் பார்த்து வருவதில்லை, புதிதாகச் சேர்ந்தவர் பெரும்பாலும் கூடுதல் நெருக்கடியோடுதான் வேலைக்கு வந்திருப்பார். பத்து ஆண்டுக்கு மேல் இருப்பவர்களுக்குத் தனி உறையில் 50 ரிங்கிட் கூடுதலாக வையுங்கள். அப்படி மூன்று பேர் இருந்தால் 150. எத்தனை பேர் என்று நீங்கள் எழுதவில்லை, கூடக் குறைய இருந்தால் தொகையை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். பத்து ஆண்டு என்ற அளவுகோலை வெளிப்படையாகவே சொல்லிவிடுங்கள். யாருக்கு எவ்வளவு என்பது இந்த ஊரில் மறுநாள் காலைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். விதி என்ன என்பதும் தெரிந்திருந்தால் பேச்சு அதோடு நிற்கும். எஞ்சிய 90 ரிங்கிட், உறைகளுக்கும் பைகளுக்கும் கொடுக்கும் நாளில் ஒரு தேநீருக்கும் போதும்.

தீபாவளி கொண்டாடாத நால்வருக்கு வேறு அளவு என்று எதுவும் வேண்டாம், வேறு நேரம் மட்டுமே வேண்டும். கல்லாவில் இருக்கும் மலாய்ப் பெண்ணிடமும் கணக்கெழுதும் பெரியவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள்: உறையை இப்போதே வாங்கிக்கொள்கிறார்களா, நோன்புப் பெருநாளுக்கோ சீனப் புத்தாண்டுக்கோ வாங்கிக்கொள்கிறார்களா என்று. பிறகு என்று சொன்னால், அந்த 160 ரிங்கிட்டை இன்றே எடுத்து உறையில் போட்டு, பெயர் எழுதிப் பூட்டி வையுங்கள். கல்லாவில் கலந்த பணம் பிப்ரவரியில் இருக்காது. துணிப்பையை எல்லோருக்கும் கொடுக்கும் நாளிலேயே அவர்களுக்கும் கொடுத்துவிடுங்கள், ஆனால் உள்ளே இருப்பதை மாற்றுங்கள். மலாய்ப் பெண்ணுக்கு வைக்கும் பொட்டலப் பொருள் எல்லாவற்றிலும் ஹலால் முத்திரை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நேப்பாளத் தொழிலாளர் இருவரையும் தீபாவளி கொண்டாடாதவர்கள் என்று சேர்த்திருக்கிறீர்கள். அது சரியாக இருக்காது. அவர்கள் இந்துக்களாக இருந்தால், நம் தீபாவளி நாட்களிலேயே அவர்களுக்குத் திஹார் வருகிறது. அதற்கு இரண்டு, மூன்று வாரங்கள் முன்பு வரும் தசைன் அவர்களுடைய மிகப் பெரிய பண்டிகை. வீட்டுக்குப் பணம் அனுப்புவது தசைனுக்கு முன்புதான். எனவே அவர்களுடைய உறையை மற்றவர்களுக்குக் கொடுப்பதற்கும் பதினைந்து நாள் முன்னதாகவே கொடுத்தால் அதே 80 ரிங்கிட் ஊருக்குப் போய்ச் சேரும். அவர்களுடைய பையில் முறுக்கு மாவுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் கூடுதலாக வைத்து, ஒரு கைப்பேசி டாப்-அப்பும் சேர்த்துவிடுங்கள். பண்டிகை நாளில் அவர்களுக்குக் குடும்பத்தைப் பார்க்க அது ஒன்றுதான் வழி.

இத்தனையும் 1,500க்குள் அடங்குபவை. உங்களால் கொடுக்கக்கூடியவற்றில் ஆகச் சிறந்தது இந்தத் தொகைக்கு வெளியே இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். பண்டிகைக்கு முந்திய வாரம் உங்கள் ஆலை வாசலில் ஊர் முழுவதும் அரிசியும் உளுந்தும் மிளகாயும் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கும். ஏழு பெண்கள் அந்த வரிசைக்கு அரைத்துக் கொடுத்துவிட்டு இரவு வீடு திரும்புவார்கள். அவர்கள் வீட்டுக்கு முறுக்கு மாவு எப்போது அரைபடுகிறது? பெரும்பாலும் அரைபடுவதில்லை, பலகாரத்தை வெளியில் வாங்குகிறார்கள், கிலோவுக்கு அவ்வளவு விலை கொடுத்து. தீபாவளிக்குப் பதினைந்து நாள் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையை ஊழியர் வீட்டு அரைவைக்கென்று ஒதுக்குங்கள். அவரவர் கொண்டு வரும் தானியத்தையும் மிளகாய், மல்லியையும் கூலி வாங்காமல் அரைத்துக் கொடுங்கள். நீங்களும் உங்கள் கணவரும் அன்று இயந்திரத்தருகில் நில்லுங்கள், ஊழியர்கள் வரிசையில் நிற்கட்டும். மின்சாரமும் நான்கு மணி நேரமும்தான் செலவு.

அதேபோல, தீபாவளிக்கு முதல் நாள் நண்பகலோடு பெண்களை இரண்டு பிரிவாக வீட்டுக்கு அனுப்ப முடியுமா என்று பாருங்கள். முழுவதும் முடியாது என்பது தெரியும். பாதிப் பேருக்காவது முடிந்தால், அடுத்த ஆண்டு மற்றப் பாதிக்கு என்று எழுதி ஒட்டிவிடலாம். பொது விடுமுறை பற்றியும் ஒரு சொல். ஊழியர்களுக்குக் கொடுத்தாக வேண்டிய பதினொரு பொது விடுமுறைகளில் ஐந்தைச் சட்டமே பெயர் சொல்லிவிடுகிறது. தீபாவளி அந்த ஐந்தில் இல்லை. மீதி ஆறை முதலாளி தேர்ந்தெடுத்து ஆண்டு தொடங்குவதற்கு முன் அறிவிப்புப் பலகையில் போட வேண்டும். உங்கள் பட்டியலில் தீபாவளி கட்டாயம் இருக்கும் என்று நம்புகிறேன். இருந்து, அன்று யாரையாவது வேலைக்கு அழைத்தால், மாதச் சம்பளத்துக்கு மேல் இரண்டு நாள் கூலி கொடுக்க வேண்டும். துணிப்பை அதற்கு ஈடாகாது.

இன்னும் ஒன்று, முன்பணம். போனஸை எதிர்பார்த்து ஏமாந்தவர்கள் பணத்துக்கு எங்கே போவார்கள் என்பது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். முதலில் அடகுக் கடை, அது முடியாதபோது ஆலோங் என்னும் சட்டவிரோத வட்டிக்காரர். கேட்கிறவர்களுக்கு 300 அல்லது 400 ரிங்கிட் தீபாவளி முன்பணமாகக் கொடுத்து மூன்று நான்கு மாதங்களில் சம்பளத்திலிருந்து பிடித்துக்கொள்ள உங்களால் முடியுமானால், அது 125 ரிங்கிட் அன்பளிப்பைவிடப் பெரிய உதவி. சட்டம் இதற்கு இடம் தருகிறது: முன்பணம் அவருடைய முந்திய மாதச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது, வட்டி ஒரு காசும் வாங்கக் கூடாது, ஒரு மாதத்தில் பிடிக்கும் மொத்தத் தொகை சம்பளத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. ஒரு தாளில் தொகையும் தவணையும் எழுதி இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டால் உங்கள் கைமுதல் தாங்காது என்றால், எத்தனை பேருக்கு முடியும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பள்ளிப் பிள்ளைகள் உள்ளவர்களுக்கு முன்னுரிமை என்றால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

கணக்கு எழுதும்போது ஒரு கவனம் வேண்டும். போனஸுக்கு ஊழியர் சேமநிதிச் சந்தா உண்டு. நீங்கள் இப்போது கொடுப்பது பண்டிகை அன்பளிப்பு. அதை அன்பளிப்பு என்றே பற்றுச்சீட்டில் எழுதுங்கள், போனஸ் என்ற சொல்லை அதற்குப் பயன்படுத்த வேண்டாம். அதற்காக, பின்னொரு நாளில் உண்மையான போனஸ் கொடுக்கும்போது அதற்கும் அன்பளிப்பு என்று பெயர் சூட்டிச் சந்தாவைத் தவிர்க்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். வாங்கிய பொருட்களுக்கும் தேநீருக்கும் ரசீது வைத்திருங்கள். ஊழியர்களுக்காகச் செய்யும் உபசரிப்புச் செலவை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், உங்கள் சீனப் பெரியவருக்கு அது தெரிந்திருக்கும்.

கொடுக்கும் நாளில் படம் எடுத்து முகநூலில் போடுவதைத் தவிர்த்துவிடுங்கள். ஒவ்வொரு உறையிலும் உங்கள் கையெழுத்தில் இரண்டு வரி இருக்கட்டும், அந்த ஆண்டு அவர் செய்த ஏதாவது ஒரு வேலையைக் குறிப்பிட்டு. வெள்ளத்தில் லாரியைத் திருப்பிக் கொண்டு வந்தது, மிளகாய் மூட்டையில் பூஞ்சை பிடித்திருந்ததைக் கண்டுபிடித்தது, இப்படி உங்களுக்கு நினைவு வருவதை எழுதுங்கள். மலாய்ப் பெண்ணுக்கு மலாயிலேயே எழுதுங்கள். பன்னிரண்டு உறைக்கு ஒரு மாலைப் பொழுது போதும்.

அந்த பிஸ்கட் டின் விஷயத்துக்கு வருகிறேன். அது உங்களை வருத்தியிருக்கிறது என்பது கடிதத்தில் தெரிகிறது. அதை அந்த ஊழியரிடம் விளையாட்டாகக்கூடச் சொல்லிக் காட்டிவிடாதீர்கள். முதலாளி வீட்டுக்கு வெறுங்கையோடு போக மனமில்லாமல், தம் வீட்டில் இருந்தவற்றில் பிரிக்காமலும் பார்வையாகவும் இருந்த ஒன்றை எடுத்து வந்திருக்கிறார். தம் பிள்ளைகளுக்குக்கூட அதைத் திறந்து கொடுக்கவில்லை. இந்த ஆண்டும் அவர் எதையாவது கொண்டு வருவார். அதை அலமாரியில் வைக்காமல் அவர் எதிரிலேயே திறந்து, வந்திருக்கும் பிள்ளைகளுக்கெல்லாம் எடுத்துக் கொடுங்கள்.